உழைக்கிறவன் வீட்டில் உடற்பயிற்சிப் படிப்பு எதற்கு?

பிளஸ் டூ தேறிய பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். அங்கே மேஜர் பாடம் ஒன்று; கூடவே ஒரு துணைப் பாடம். நம்மூர்க் கல்லூரிகளில் இதை 'அலைடு' என்று வெகுகாலமாகச் சொல்லிவருகிறோம். பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் வகுத்த திட்டத்தில் இதற்கு 'மைனர்' என்று பெயர். மூன்று வருஷப் பட்டத்தின் 120 கிரெடிட்டில் 24 இதற்கு. வெளிநாடுகளில் பரவிவிட்ட உடற்பயிற்சி, விளையாட்டு விஞ்ஞானம் இந்த வரிசைக்கு இங்கும் வரத் தொடங்கியிருக்கிறது. எடுக்கலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எடுக்கலாம் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் எதற்காக என்று தெரிந்து எடுக்க வேண்டும்.

டவுண் வாகையடி முக்கில் ஒரு மில் தொழிலாளித் தோழர் என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, எம் மவன் காலேஜ்ல எக்சர்சைஸ் படிக்கப் போறேங்கான். ஒரு ஷிப்டு எங்கூட வந்து நிக்கச் சொல்லுங்க. அதவிடவா எக்சர்சைஸ்?" என்றார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த விவசாயத் தொழிலாளி, "நாலு நாள் நடவுக்கு அனுப்பிவிடும்" என்று சேர்ந்துகொண்டார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அது சிரித்து விட்டுவிடுகிற கேள்வி அல்ல. வேலையே தேகப்பயிற்சிதானே, பிறகு படிப்பு எதற்கு?

இந்த விஞ்ஞானத்தின் மூலக்கதையே தொழிலாளியிடமிருந்துதான் தொடங்குகிறது. லண்டன் மாடி பஸ்களில் டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குவார். ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் இரு சாராரையும் ஒப்பிட்டார்கள். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாகவும், வந்தாலும் பிந்தியும் வந்தது. 1953-ல் 'லான்செட்' பத்திரிகையில் இது வெளியாயிற்று. உடலசைவுக்கும் இருதயத்துக்கும் உள்ள சம்பந்தத்தை உலகத்துக்குக் காட்டியது டிக்கெட் கிழித்த கைதான்.

அப்படியானால் வாகையடி முக்குத் தோழர்கள் சொன்னது சரியா? பாதிதான் சரி. டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல வருஷங்கள் கவனித்த ஆராய்ச்சி 2021-ல் வெளிவந்தது. ஓய்வு நேரத்தில் ஓடி ஆடுகிறவர்களுக்கு இருதய நோயும் மரணமும் குறைந்தன. வேலையில் கடுமையாக உடலை வருத்துகிறவர்களுக்கோ கூடின! காரணம் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. விளையாட்டுக்காரன் அரை மணி, ஒரு மணி மூச்சு வாங்க ஓடுகிறான். பிறகு உட்காருகிறான், சாப்பிடுகிறான், தூங்குகிறான். உடம்பு தேறுவது அந்த ஓய்வில்தான். மில்லில் எட்டு மணி நேரம் நிற்கிற காலுக்கும், வயலில் காலை முதல் குனிந்தே இருக்கிற முதுகுக்கும் அந்த ஓய்வு யார் கொடுத்தது? ஒரு மனிதன் தன் உச்ச சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்குமேல் எட்டு மணி நேரம் தொடர்ந்து செலவழித்தால் உடம்பு தாங்காது என்பது இந்தப் படிப்பின் பால பாடம். நேரம் கூடினால் வரம்பு இன்னும் இறங்கும். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதாவைத் தமிழ்நாடு சட்டசபை நிறைவேற்றியதும், எதிர்ப்பு கிளம்பி மே தினத்தன்று அது வாபஸ் என்று அறிவிக்கப்பட்டதும் நினைவிருக்கும். அப்போது நாம் கோபத்தோடு பேசினோம். கணக்கோடு பேசியவர்கள் குறைவு.

முதலாளிகள் இந்தக் கணக்கை வெகுகாலத்துக்கு முன்பே படித்துவிட்டார்கள். அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் 1927-ல் 'களைப்பு ஆராய்ச்சிச் சாலை' என்றே ஒன்று அமைந்தது. எங்கே தெரியுமா? வைத்தியக் கல்லூரியில் அல்ல, வியாபாரக் கல்லூரிக் கட்டடத்தில்! கொலராடோ நதியில் பெரிய அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். இன்று ஹூவர் அணை என்கிறார்கள். 1931 கோடையில் அங்கே வெயிலில் தொழிலாளர்கள் சுருண்டு விழுந்து செத்தார்கள். ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்தார்கள்; குளிர்ந்த குடிநீரும் கோரிக்கைகளில் ஒன்று. வேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்டது. மறுவருஷம் ஹார்வர்டு விஞ்ஞானிகள் வந்து வியர்வையை அளந்து, தண்ணீரும் உப்பும் வேண்டும் என்றார்கள். தண்ணீர் வேண்டும் என்பதைத் தொழிலாளி முந்தின வருஷமே சொல்லிவிட்டான். உப்புப் போட்ட நீராகாரத்தைத் தூக்குச்சட்டியில் கொண்டுபோகிற நம் தாய்மார்களுக்கும் இது புதிதல்ல. இருந்தாலும் அளந்து சொன்ன பேச்சுக்குத்தான் ஆபீசில் மதிப்பு. 2024-ல் தமிழ்நாடு சர்க்கார் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. எந்த வயலில், எத்தனை மணிக்கு, எவ்வளவு வெப்பம் என்று அளப்பதற்கு ஆள் வேண்டாமா?

கூலி விஷயமும் இதில்தான் வருகிறது. நம் நீலகிரிக் குன்னூரில் இருந்த போஷாக்கு ஆராய்ச்சிச் சாலைக்கு 1935 முதல் பத்து வருஷம் தலைவராக இருந்தவர் அய்க்ராய்டு. அவருடைய கணக்கைக் கொண்டுதான் 1957-ல் பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மகாநாடு குறைந்தபட்சக் கூலிக்கு அளவுகோல் வகுத்தது: ஒரு ஆளுக்கு நாளைக்கு 2,700 கலோரி உணவு. 2019 ஜனவரியில் மத்திய சர்க்கார் நியமித்த நிபுணர் குழு, இதை 2,400 ஆக்கலாம் என்றது. கடும் உழைப்பு குறைந்துவிட்டதாம்! குடும்பக் கணக்கை மூன்று பங்கிலிருந்து 3.6 ஆகக் கூட்டச் சொன்னார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 2020-ல் வந்த வரைவு விதிகளில் மறுபடி 2,700 என்றே இருந்தது. ஆனாலும் 300 கலோரி என்றால் சுமார் 85 கிராம் அரிசி, ஆள் ஒன்றுக்கு, தினமும். அதே 2020-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய போஷாக்கு நிறுவனமும் கொடுத்த அட்டவணையைப் பாருங்கள்: உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு 2,110, கடும் உழைப்பாளி ஆணுக்கு 3,470, பெண்ணுக்கு 2,720. நடவு நடுகிற பெண்ணின் வேலை கடும் உழைப்பா, நடுத்தரமா? இதை யார் அளந்தது? பேச்சுவார்த்தை மேஜையில் கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்பதற்குப் படித்திருக்க வேண்டும்.

இனி பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இந்தத் துணைப் பாடம் படித்தால் உடற்கல்வி ஆசிரியர் வேலை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு பி.பி.எட். தனியாக வேண்டும். சென்னையில் 1920-ல் ஆரம்பித்த ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி இருக்கிறது, 2005 முதல் உடற்கல்விக்கென்றே சர்வகலாசாலையும் இருக்கிறது. விலங்கியல், ரசாயனம், போஷாக்கு படிக்கிறவர்களுக்கு இது பொருத்தமான துணை. சேருமுன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். ஆட்ட விதியும் மைதான அளவும் மட்டும் இருந்தால் அது வீண். தசை, மூச்சு, நாடி, உணவு, வெப்பம், காயம் இவை இருக்க வேண்டும். இவையெல்லாம் இருந்தும், உதாரணம் முழுவதும் ஒலிம்பிக் வீரனாகவே இருக்கும். பீடி சுற்றுகிற பெண்ணின் இடுப்பு வலி அதில் வராது. 2021-ல் சட்டம் வரும்வரை ஜவுளிக்கடைப் பெண்கள் நின்ற நிலையும் வராது. அதை வரச் செய்ய வேண்டியவர்கள் நீங்கள்தான்.

கடைசி வருஷத்தில் ஆய்வுக்கட்டுரை எழுதச் சொல்வார்கள். பணக்கார ஜிம்மைத் தேடிப் போக வேண்டாம். நாடி எண்ண ஒரு கடிகாரம் போதும். வெப்பம் பார்க்க ஒரு மானி. வருகிற கார் நடவில் தாமிரபரணிக் கரையில் எந்த வயலிலும் இறங்கலாம். காலை ஏழு மணிக்கு ஒரு தடவை, பதினொன்றுக்கு ஒரு தடவை, கரையேறி அரை மணி கழித்து ஒரு தடவை எண்ணுங்கள். முதலில் அம்மாவின் கையைப் பிடித்துப் பாருங்கள்.