ஃபார்மட் அடிச்சாச்சு சார்!

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான் வைத்திருக்கிறார்கள். மெதுவாக ஓடுகிறதா, ஃபார்மட். பிரிண்டர் எடுக்கவில்லையா, ஃபார்மட். வைரஸா, ஃபார்மட். வைஃபை விட்டுவிட்டு வருகிறதா, அதற்கும் ஃபார்மட். என்ன கோளாறு என்று உட்கார்ந்து பார்க்க அரை நாள் ஆகும்; எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஓ.எஸ். போட்டுவிட்டால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். கூலி இரண்டுக்கும் ஒன்றுதான். பிறகு எதற்கு மெனக்கெடப் போகிறார்கள்?

என் மாமா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஊர்க் கோயில், குளம், எந்தத் தெருவுக்கு எந்தக் குடும்பம் எப்போது வந்து குடியேறியது என்று ஊர்க் கதையைப் பல வருஷமாக லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் டெஸ்க்டாப்பில். அங்கேதானே கண்ணுக்குத் தெரிகிறது? லேப்டாப் திணறுகிறது என்று கடையில் கொடுத்தார். மறுநாள் வாங்கி வந்ததும் எனக்குப் போன். "மாப்ளே, புதுசு மாதிரி ஓடுதுப்பா. ஆனா டெஸ்க்டாப்புல ஒண்ணையும் காணோமே?"

கடைக்குப் போய்க் கேட்டால் அந்தப் பையன் தலையை நிமிர்த்தவில்லை. "சி டிரைவ்ல வெச்சா போயிரும் சார். டி டிரைவ்ல வெச்சிருக்கணும்." டெஸ்க்டாப் சி டிரைவுக்குள் இருக்கிறது என்று மாமாவுக்கு யார் சொன்னார்கள்? விண்டோஸ் 10, 11-இல் ரீசெட்டை அழுத்தினால், உங்கள் கோப்புகளை வைத்துக்கொள்ளட்டுமா, எல்லாவற்றையும் நீக்கட்டுமா என்று அதுவே கேட்கிறது. ஒரு மெஷின் கேட்கிற அந்தக் கேள்வியைக்கூட இவர்கள் மாமாவிடம் கேட்கவில்லை.

சரி, போனதை மீட்கப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். பழைய ஹார்டு டிஸ்க் காலத்தில் இதற்கு வழி இருந்தது. அழித்த கோப்பு உடனே அழியாது. அந்த இடம் காலி என்று குறித்துக்கொள்வதோடு சரி. அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை சரக்கு அங்கேயே கிடக்கும். ரிக்கவரி சாஃப்ட்வேர்கள் பிழைப்பு நடத்தியதே அதை நம்பித்தான். எஸ்.எஸ்.டி.யில் அது நடக்காது. கோப்பை நீக்கியதும் 'டிரிம்' என்ற கட்டளையை விண்டோஸ் அனுப்பிவிடும். 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதலே இது உண்டு. எந்த இடம் வேண்டாதது என்று தெரிந்துகொண்ட எஸ்.எஸ்.டி., தன் சௌகரியம்போல் அதை உள்ளுக்குள்ளேயே துடைத்து வைத்துவிடும். அப்புறம் தேடினால் பெரும்பாலும் வெறும் பூஜ்யங்கள்தான். டிரைவ் என்க்ரிப்ட் ஆகியிருந்தால் இன்னும் மோசம். ரீசெட்டோடு பழைய சாவியும் போயிருந்தால், எழுதியது அங்கேயே கிடந்தாலும் யாராலும் படிக்க முடியாது.

இதில் என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போடச் சொன்னதும் இதே கடைதான். அன்றைக்கு "எஸ்.எஸ்.டி. போடுங்க சார், பறக்கும்" என்றார்கள். இன்றைக்கு "எஸ்.எஸ்.டி. ஆச்சே சார், ரிக்கவரி வராது" என்கிறார்கள். கழற்றிய டிஸ்க் எங்கே, அதிலாவது பழைய பிரதி இருக்குமே என்று கேட்டேன். அது எக்ஸ்சேஞ்சில் போயிற்றாம்.

ரிக்கவரி சாஃப்ட்வேர் விற்கிறவர்கள் இன்னொரு ரகம். இலவசம் என்று இறக்கினால் மணிக்கணக்கில் ஸ்கேன் ஓடும். ஆயிரக்கணக்கில் கோப்புகள் கிடைத்துவிட்டதாகப் பட்டியல் போட்டு ஆசை காட்டும். சேமிக்கப் போனால் பணம் கேட்கும். பட்டியலைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் விண்டோஸின் ஐகான்கள். அந்த சாஃப்ட்வேரை அதே டிரைவிலேயே நிறுவச் சொல்கிற யூடியூப் மேதைகளும் இருக்கிறார்கள். மீட்க வேண்டியதன் தலைமேலேயே எழுதிவிட்டு எதை மீட்பது? ஃபோட்டோரெக் என்ற சாஃப்ட்வேர் நிஜமாகவே இலவசம். ஆனால் கோப்பின் உள்ளடக்கத்தில் இருக்கும் அடையாளத்தை வைத்து அது தேடுவதால் பழைய பெயர்கள் பொதுவாக வராது. நீள நீளமான நம்பர்களாகத்தான் வரும். அதுவும் டிஸ்க்கில் மிச்சம் ஏதாவது இருந்தால்தானே.

கடைசியில் கிடைத்தது எங்கே தெரியுமா? பிரிண்ட் எடுப்பதற்காக ஜெராக்ஸ் கடைக்கு மாமா மெயிலில் அனுப்பியிருந்த சில அத்தியாயங்கள், அவருடைய சென்ட் மெயிலில் அப்படியே இருந்தன. ஆசையாகத் திறந்தால், தலையில் புள்ளி வைத்த ஆங்கில எழுத்துகளாகக் கொட்டிக் கிடக்கிறது! மாமா தட்டியது வானவில் அவ்வையார் எழுத்துருவில். ஃபார்மட்டில் அதுவும் சேர்ந்து போயிருந்தது. தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது, மாமா அந்தப் பக்கம் வரவில்லை. எழுத்துருவைத் தேடிப் பிடித்து ஏற்றியதும் தமிழ் தெரிந்தது. கோயில் இருக்கிறது, குளம் இருக்கிறது. வீடு வீடாகத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு எழுதிய குடும்பக் கதைகளை மட்டும் காணோம். அதைப் பிரிண்ட் எடுக்கும் அளவுக்கு இன்னும் முடிக்கவில்லையாம்.

பில்லின் அடியில் "டேட்டா இழப்புக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று அச்சடித்திருக்கிறார்கள். அதை அச்சடிக்கத் தெரிந்தவர்களுக்கு, லேப்டாப்பை வாங்கி வைக்கும்போது "உள்ளே வேண்டியது ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்க வாய் வரவில்லை. இதை வைத்து ஒரு சண்டை போட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினால், மாமா கையைப் பிடித்து நிறுத்துகிறார். "விடு மாப்ளே. கூலியில நூறு ரூபா கொறைச்சுக்கிட்டான். நல்ல பையன்."