நின்ற வண்டிக்கும் வருமானமா?

லாரி விபத்தில் சிக்கிப் பட்டறையில் நான்கு மாதம் கிடந்தாலும், அந்த நான்கு மாதமும் அது சம்பாதித்ததாகவே வருமான வரிச் சட்டம் கணக்கு வைத்துக்கொள்கிறது. நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் கிளீனராக ஏறி, ஓட்டுநராகி, கடன் வாங்கிச் சொந்த வண்டி எடுத்தவர்களின் தலையில் விழும் இந்த விதியை மாற்றியே ஆக வேண்டும்.

பத்து சரக்கு வாகனங்களுக்கு மேல் இல்லாதவர்களுக்காக 1994-இல் வந்தது 44ஏஇ பிரிவு. பேரேடு எழுத வேண்டாம், டீசல் பில்லைச் சேர்த்து வைக்க வேண்டாம். வண்டிக்கு இவ்வளவு என்று வருமானத்தை அரசே அனுமானித்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். 2018-க்கு முன் எந்த வண்டியானாலும் மாதம் ரூ.7,500. டிரெய்லர்காரரும் மினி லாரிக்காரரும் ஒரே வருமானம் காட்டியதால், அந்த ஆண்டு பட்ஜெட்டில் திருத்தினார்கள். மொத்த எடை 12 டன்னைத் தாண்டும் வண்டிக்கு டன்னுக்கு மாதம் ரூ.1,000. பெரிய வண்டிக்குக் கூடுதல் என்பதில் தவறில்லை. ஆனால் மொத்த எடையில் சரக்கு மட்டுமா இருக்கிறது? சேஸ், பாடி, டயர் எல்லாம் சேர்ந்ததுதான் அது. வெறும் இரும்பும் டன்னுக்கு ஆயிரம் சம்பாதிக்கிறதாம்!

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வண்டி ஓடிய மாதங்களை விட்டுவிட்டு, உரிமையாளர் பெயரில் இருந்த மாதங்களைச் சட்டம் எண்ணுவதுதான் பெரிய அநியாயம். 55 டன் டிரெய்லர் இரண்டு வைத்திருப்பவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு அனுமான வருமானம் ரூ.13.2 லட்சம். 2025-26-க்கான புதிய வரி முறையில் செஸ்ஸும் சேர்த்து ரூ.81,120 வரி. அதில் ஒரு வண்டி நான்கு மாதம் நின்றிருந்து, அந்த மாதங்களைச் சட்டம் கழித்திருந்தால் வருமானம் ரூ.11 லட்சம், 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால் அவர் ஒரு பைசாவும் கட்ட வேண்டியதில்லை. ஆக, அந்த ரூ.81,120 முழுவதும் ஓடாத வண்டிக்கான வரி. அந்த நான்கு மாதமும் வண்டிக் கடன் டியூ மட்டும் நிற்காது. அதற்கான வட்டியையும் தனியாகக் கழிக்க முடியாது.

இதே சட்டத்தின் 44ஏடி பிரிவில் வரும் கடைக்காரருக்கு விற்பனையில் 8 சதவீதம், வங்கி வழி வரவாக இருந்தால் 6 சதவீதம்தான் வருமானம். கடை மூடிக் கிடந்தால் அவருடைய வரியும் தானே இறங்கும். முன்கூட்டிய வரியையும் அவர் மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் கட்டலாம். லாரிக்காரருக்கு மட்டும் நான்கு தவணை, தவறினால் வட்டி.

‘ஒற்றை வண்டிக்காரருக்கு வரியே வராதே’ என்பார்கள். உண்மைதான்; 28.5 டன் டாரஸ் லாரி ஒன்றுக்கு ஆண்டுக்கு ரூ.3.42 லட்சம்தான். மூன்று வைத்திருந்தாலும் ரூ.10.26 லட்சம், வரி இல்லை. ஆனால் காகிதத்தில் ஏறும் இந்த வருமானம் வரியோடு நிற்பதில்லை. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் 8 லட்சத்தைத் தாண்டினால் மத்திய அரசின் ஓ.பி.சி. ஒதுக்கீட்டில் பிள்ளைகள் கிரீமிலேயர் ஆகி வெளியேறிவிடுவார்கள்.

‘வருமானம் குறைவென்றால் கணக்கு எழுதித் தணிக்கை செய்து காட்டட்டுமே’ என்பது இன்னொரு பதில். சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. சாலையில் இல்லை. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, தார்ப்பாய் கட்ட, நடுவழியில் பஞ்சர் ஒட்ட, செக்போஸ்ட்டில் கைமாற என்று போகும் காசில் எதற்கு ரசீது? கடைசியாகச் சொன்னதைத் தணிக்கையாளர் எந்தத் தலைப்பில் எழுதுவார் என்பதை வருமான வரித்துறைதான் சொல்ல வேண்டும்.

ஓடிய வண்டியை நின்றதாகக் காட்டி ஏய்ப்பார்கள் என்ற பயமும் இப்போது செல்லாது. 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டேக் கட்டாயம். மாநிலம் விட்டு மாநிலம் போகும் ரூ.50,000-க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் வேண்டும்; அதில் வண்டி எண் இருக்கும். சுங்கச்சாவடியைத் தாண்டாத, இ-வே பில்லில் வராத வண்டி எத்தனை மாதம் நின்றது என்பதைக் கண்டுபிடிப்பது ஒரு நிமிட வேலை. கொரோனா காலத்தில் தமிழ்நாட்டு ஆம்னி பஸ்காரர்கள் வண்டி ஓடவில்லை என்று ‘ஸ்டாப்பேஜ்’ எழுதிக் கொடுத்துச் சாலை வரியிலிருந்து விலக்குப் பெற்றார்கள். மாநிலப் போக்குவரத்துத் துறை ஒப்புக்கொள்வதை வருமான வரித்துறை ஏன் ஒப்புக்கொள்ளக் கூடாது?

சம்பளத்துக்கு ஓட்டுபவருக்கும் ஒரு வார்த்தை. வழிச்செலவுக்கான பேட்டாவில் 70 சதவீதம், 2025-26 கணக்கில் மாதம் ரூ.10,000 வரை, பழைய முறையில் வரி விலக்கு உண்டு. புதிய முறையில் அதை எடுத்துவிட்டார்கள். 12 லட்ச வரம்பால் இன்று அடிபடுபவர்கள் மிகக் குறைவு. என்றாலும் தாபாவில் சாப்பிட்ட காசை வருமானம் என்பது முறையல்ல.

2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கென இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவின் எண் மாறியது, கணக்கு மாறவில்லை. அடுத்த நிதி மசோதாவில் மூன்று திருத்தங்கள் வேண்டும்: ஃபாஸ்டேக், இ-வே பில் பதிவின்படி முழு மாதம் நின்ற வண்டியை அனுமான வருமானத்திலிருந்து நீக்க வேண்டும், வாகனக் கடன் வட்டியைக் கழிக்க விட வேண்டும், முன்கூட்டிய வரி கடைக்காரருக்குப் போல ஒரே தவணையாக வேண்டும். நாமக்கல், சேலம், ஈரோடு எம்.பி.க்கள் கட்சி பார்க்காமல் இதை நிதியமைச்சரிடம் கொண்டுபோகட்டும்.