தக்காளியின் அடி கறுத்தால் சுண்ணாம்பு போடலாமா?

“வீட்டுத் தோட்டத்தில் 40 தக்காளிச் செடிகள் உள்ளன. காய்கள் எலுமிச்சை அளவுக்கு வரும்போதே அடிப்பக்கம் கறுத்து, அமுங்கி அழுகிவிடுகின்றன. மண்ணில் சுண்ணாம்புச் சத்து இல்லை என்றார்கள். முட்டை ஓடும், நீற்றுச் சுண்ணாம்பும் போட்டேன். இப்போது கொழுந்து இலைகளும் மஞ்சளாகின்றன. வாரச் சந்தைக்குப் போக வேண்டிய காயில் பாதி குப்பைக்குப் போகிறது. என்ன செய்வது?”

- வாசகி, விளாத்திகுளம்.

காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை என்பது சரிதான். அதற்காக மண்ணில் அது இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. கரிசல் மண்ணில் பெரும்பாலும் சுண்ணாம்பு தாராளமாகவே இருக்கும். காய்ந்த மண் ஒரு பிடி எடுத்து, அதில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. அந்த மண்ணில் மேலும் சுண்ணாம்பு போட்டால் காரத்தன்மை கூடி, செடியால் இரும்புச் சத்தை எடுக்க முடியாது. கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால், காரணம் அதுதான். முட்டை ஓடு கார மண்ணில் லேசில் கரையாது. அதை எருக்குழியில் போடுங்கள்.

சுண்ணாம்புச் சத்து வேரிலிருந்து தண்ணீரோடுதான் மேலே ஏறும். முதிர்ந்த இலையில் சேர்ந்துவிட்டால், அங்கிருந்து காய்க்குத் திரும்பாது. நாலு நாள் காயப்போட்டு, ஐந்தாம் நாள் தேங்கும்படி தண்ணீர் கட்டினால், காய் பெருக்கும் நேரத்தில் வரத்து அறுந்துவிடும். எனவே முதல் வேலை, பாசனத்தைச் சீராக்குவது. வேர்ப்பகுதியில் காய்ந்த சருகு, வைக்கோலை மூடாக்காகப் போட்டு, ஈரம் மாறாமல் அளவாகத் தண்ணீர் விடுங்கள். யூரியா போடுவதாக இருந்தால் நிறுத்துங்கள். தழைச்சத்து கூடினால் இலைதான் கொழுக்கும், நோவு அதிகமாகும்.

கறுத்த காய் தேறாது, பறித்துவிடுங்கள். புதிய பிஞ்சுகளுக்கு, லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கால்சியம் குளோரைடு கலந்து, மாலையில் பிஞ்சு நனையத் தெளிக்கலாம். 10 நாள் கழித்து மறுபடி ஒருமுறை போதும். மஞ்சளுக்கு, லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்புடன் 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து தெளியுங்கள். இரண்டையும் ஒரே டேங்கில் கலக்காதீர்கள், திரிந்து படிந்துவிடும்.

நீலகிரி போன்ற அமில மண்ணுக்குத்தான் சுண்ணாம்பு ஏற்றது. கார அமில நிலையைக் கூட்டாமல் சுண்ணாம்புச் சத்து தர வேண்டிய இடத்துக்கு ஜிப்சம். நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது இடுவதும் இதனால்தான். அடுத்த நடவுக்கு முன், அரை அடி ஆழத்தில் நாலைந்து இடங்களில் மண் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோ மட்டும் மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுங்கள்.