கன்னி நாயும் காலை நடையும்

கோவில்பட்டிப் பக்கம் மானாவாரிக் காடு வைத்திருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. அவர் வீட்டில் ஒன்றரை வயதுக் கன்னி நாய் இருக்கிறது. விடியற்காலையில் காட்டுக்குக் கூட்டிப் போனால் கயிற்றைப் பறித்துக்கொண்டு முயல் பின்னால் ஓடுகிறது. ஒருநாள் பக்கத்துக் கிடை ஆடுகளையும் விரட்டிவிட்டது. டிராக்டர் சத்தம் கேட்டாலோ வாலை இடுக்கிக்கொண்டு நடுங்குகிறது. அடித்தும் திருந்தவில்லை, கட்டிப்போடுவதா, யாருக்காவது கொடுத்துவிடுவதா என்று கேட்டிருக்கிறார்.

இரண்டும் வேண்டாம். கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் கண்டு ஓடிப் பிடிக்கும் இனங்கள். எதிரே ஏதாவது அசைந்தால் கால் தானாக முந்திக்கொள்ளும். அதே கூர்மைதான் சத்தம் கேட்டால் அதை நடுங்க வைக்கிறது. நாள் முழுக்கச் சங்கிலியில் கிடந்தால் துடிப்பு குறையாது, பயமும் கடிக்கும் குணமும்தான் கூடும். காலையும் மாலையும் நல்ல நடை அதற்குத் தீனி மாதிரி.

அடிக்கும் பழக்கத்தை முதலில் நிறுத்த வேண்டும். முயலை விரட்டிவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வரும் நாயை அடித்தால், விரட்டியதற்கு அடி விழுந்ததாக அதற்குத் தெரியாது. எசமானிடம் திரும்பி வந்ததற்கு அடி என்றுதான் படும். மறுநாள் கூப்பிட்டால் எட்டியே நிற்கும். எவ்வளவு தாமதமாக வந்தாலும் தடவிக் கொடுத்து, அவித்த முட்டையில் ஒரு துண்டு கொடுக்க வேண்டும். இதை முதலில் வீட்டு முற்றத்தில் பழக்கி, பிறகு காட்டில் செய்ய வேண்டும். பெயரை ஒருமுறை மட்டும் கூப்பிட்டால் போதும். பத்து முறை கத்தினால் அந்தப் பெயருக்கு மதிப்பில்லாமல் போகும்.

இந்த நாய்களுக்குத் தலை ஒடுக்கம், கழுத்து நீளம். சாதாரணக் கழுத்துப்பட்டை உருவிக்கொண்டு வந்துவிடும். மார்போடு சேர்த்துக் கட்டும் பட்டை வாங்குவது நல்லது. அதில் இருபது அடிக் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு நடக்கலாம். நீளக் கயிற்றைக் கழுத்தில் கட்டக் கூடாது. வேகமாக ஓடிக் கயிறு முடியும் இடத்தில் கழுத்து வெட்டி இழுக்கும்.

டிராக்டர் பயத்துக்கு வண்டியின் அருகே இழுத்துப் போவது மருந்தல்ல. நாய் நடுங்காத தூரத்தில் நின்று தின்பண்டம் கொடுத்து, நாளுக்கு நாள் நாலடி நெருங்க வேண்டும். ஒரு மாதம்கூட ஆகலாம். பொறுமை இல்லாதவர்கள் இந்த இனத்தை வளர்க்காமல் இருப்பதே மேல்.

கயிறு இல்லாமல் விடக் கூடாது என்பதற்கு முயலும் ஆடும் மட்டும் காரணமில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். நாயை ஏவிப் பிடித்தாலும் குற்றம்தான். சினை ஆட்டை விரட்டினால் குட்டி வீசிவிடும், கிடைக்காரர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. இவற்றைவிடப் பெரிய ஆபத்து எலிக்கு வைக்கும் துத்தநாக பாஸ்பைடு. கருவாடு கலந்த உருண்டையை நாய் ஒரே வாயில் விழுங்கிவிடும். வயிற்று அமிலத்தில் அது நச்சு வாயுவாக மாறுகிறது. இதற்கு மாற்று மருந்து கிடையாது. தின்றதாகச் சந்தேகம் வந்தாலே சோறு, பால் எதுவும் கொடுக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். வாந்தியை முகர்ந்து பார்க்கக் கூடாது, அந்த வாயு மனிதருக்கும் கேடு. பன்றிக்காகச் சிலர் திருட்டுத்தனமாக வைக்கும் மின்வேலியும் அவுட்டுக்காயும் மக்காச்சோளக் காட்டோரம் இருக்கக்கூடும். மருந்தடித்த வயலுக்குள்ளும் நாயை விட வேண்டாம்.

சித்திரை, வைகாசியில் வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிட வேண்டும். நாய் உடலெல்லாம் வியர்க்காது, இரைத்துத்தான் சூட்டை ஆற்றும். ஓட்டம் பிடித்த நாய்க்கு நிற்கத் தெரியாது. எச்சில் வழிந்து தள்ளாடினால் நிழலில் கிடத்தி, உடல் முழுக்கச் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, மருத்துவரிடம் போக வேண்டும். வயிறு நிறையத் தின்றவுடன் ஓட விடுவதும் ஆபத்து; ஆழமான மார்புள்ள நாய்களுக்கு வயிறு ஊதித் திருகிக்கொள்ளும்.

வீடு வந்ததும் விரலிடுக்கில் நெருஞ்சி முள், ஊசிப்புல், காதுமடலுக்குள் உண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சலில் நாய் தீனி எடுக்காது, ஈறு வெளுக்கும்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசியைக் குட்டிக்கு மூன்று மாதத்தில் போட்டு, மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்ததும், பிறகு ஆண்டுதோறும் போட்டுவர வேண்டும். காட்டில் தெருநாய் கடித்திருந்தால், ஊசி போட்ட நாயாக இருந்தாலும் மறுபடி ஊசி தேவைப்படும். நடுவில் விலக்கப் போனவருக்குக் கீறல் பட்டிருந்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும்.