வீரப்புண்ணும் வீண்கலகமும்

அண்மையில் யாழ்ப்பாணத்தில் ஒரு நூல் வெளியீட்டுக்குப் போயிருந்தேன். அறுபதுகளில் நடந்த தீண்டாமை ஒழிப்புப் போராட்டம் பற்றிய நூல். மதிப்புரை சொல்ல வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நூலை இரண்டு நிமிடம் புகழ்ந்தார். மிச்ச நேரம் முழுக்க அந்தப் போராட்டமே தேவையில்லாதது என்று நிறுவினார். அவர் பெயர் இங்கே வேண்டாம். அந்தப் பேச்சு அவருடைய தனி முதுசமும் இல்லை. கலியாண வீட்டுப் பந்தலிலும் செத்த வீட்டு வாசலிலும் நாங்கள் எல்லோரும் கேட்டு வளர்ந்ததுதான்.

மாஸ்டரின் வாதம் இதுதான். அந்தச் சனங்கள் வீணாக அடிபட்டார்கள். குடிசை எரிந்தது, வேலை போனது, வழக்கென்று அலைந்தார்கள், உயிரும் போனது. கொஞ்சம் பொறுத்திருந்தால் படிப்பும் வெளிநாட்டுக் காசும் அதே இடத்துக்குக் கொண்டுவந்து விட்டிருக்கும். எழுத்தாளர் டொமினிக் ஜீவா படித்து எழுதி முன்னுக்கு வரவில்லையா? பொறுத்தார் பூமி ஆள்வார்.

சபை கைதட்டியது. அவர் இரக்கத்தோடுதான் சொன்னார் என்பதையும் எழுதிவிடுகிறேன். எனக்கு எரிச்சல் வந்ததே அந்த இரக்கத்தில்தான்.

ஜீவாவிலிருந்து தொடங்குவோம், மாஸ்டர் முகங்குப்புற விழுந்த இடம் அது. வகுப்பறையில் குலத்தொழிலைச் சொல்லி ஓர் ஆசிரியர் இழிவுபடுத்தியதால் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறியவர் ஜீவா. தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். படிப்பென்ற ஏணியில் ஏறச் சொல்கிறார் இந்த மாஸ்டர். அந்த ஏணியைத் தட்டிவிட்டது இன்னொரு மாஸ்டர். பிறகு கஸ்தூரியார் வீதிச் சலூனில் கத்தியும் சீப்புமாக நின்றபடியேதான் ஜீவா எழுதினார். 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்கு 1961இல் சாகித்திய விருது கிடைத்தது. 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கி நாற்பது வருசத்துக்கு மேல் நடத்தினார். அவர் கதைகளில் ஒன்றிரண்டையாவது வாசித்திருந்தால், பொறுமைக்கு உதாரணம் தேடி மாஸ்டர் அந்தப் பக்கம் போயிருக்கமாட்டார்.

படிப்புக்கு வழி திறந்திருந்த காலத்தில் நடந்ததையும் பார்ப்போம். 1930ஐ ஒட்டிய வருசங்களில், பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் இருக்கவேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. அதுவரை ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு நிலம்தான், இல்லையென்றால் வெளித் திண்ணை. உத்தரவு வந்ததும் குடாநாட்டில் பள்ளிக்கூடங்கள் எரிந்தன. மாஸ்டர், எரித்தது கலகக்காரர் இல்லை. பொறுமையைப் போதிக்கிற பக்கத்து ஆக்கள்தான். ஒரு வாங்குக்காக முழுப் பள்ளிக்கூடத்தையே கொளுத்துகிற ஊரில், அமைதியைக் குலைத்தவன் வாங்கில் இருக்க வந்த பிள்ளையா?

'கொஞ்சம்' என்று யாராவது சொன்னால் எத்தனை வருசம் என்று கேட்பது என் கெட்ட பழக்கம். வாங்குப் பிரச்சினையிலிருந்து 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வரை சுமார் 27 வருசம். கடையிலும் கோவிலிலும் சாதி சொல்லித் தடுப்பது குற்றம் என்று அந்தச் சட்டம் சொன்னது. கடைக்காரர் அதை வாசிக்கவில்லை. சட்டம் வந்த பிறகும் அந்தச் சனங்களுக்குத் தேத்தண்ணி போத்தலிலும் தகரப்பேணியிலும்தான் வந்தது. இன்னும் 9 வருசம் கழித்து, 1966 அக்டோபர் 21ஆம் திகதி, சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது, பொலிஸ் அடித்தது. இப்படியே 36 வருசம் பொறுத்தாயிற்று. பூமி ஆள்வது இருக்கட்டும், ஒரு கிளாஸ் கூடக் கிடைக்கவில்லை.

போராடியவர்கள் எல்லோரும் புனிதர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. முன்னுக்கு நின்றவர்களில் பலர் சண்முகதாசனின் பீக்கிங் சார்புக் கம்யூனிஸ்டுகள்.

மாஸ்டர் அடுக்கிய இழப்புகளும் பொய் இல்லை. சங்கானை நிச்சாமத்தில் உயிர் போனது உண்மை. ஆனால் அந்தக் கணக்கை அவர் யாருடைய ஏட்டில் எழுதினார் என்று பாருங்கள். குடியிருக்கும் காணி, சீவும் பனை, கூலி தரும் தோட்டம் மூன்றும் வேறொருவர் கையில் இருந்தன. கடையில் கிளாஸ் கேட்டவனுக்கு அடுத்த நாள் தோட்டத்தில் வேலை இல்லை. குடிலைப் பிடுங்கிக்கொண்டு போ என்று செய்தி வரும். அந்த வேலையை நிறுத்தியதும் குடிலை எரித்ததும் கைகளும் கால்களும் உள்ள மனிதர்கள். மாஸ்டரின் தமிழில் அவர்களுக்கு எழுவாயே இல்லை. குடிசை 'எரிந்தது', வேலை 'போனது', உயிர் 'போனது'. நாற்பது வருசம் இலக்கணம் படிப்பித்தவருக்கு இது தற்செயலாக வராது.

சும்மா இருந்தவர்களுக்கு ஒன்றும் செலவாகவில்லையா? கிணற்றில் துலாக்கயிற்றைத் தொடக்கூடாது என்பதால் வெறுங்குடத்தோடு பெண்கள் காத்து நிற்பார்கள். உயர்சாதி ஆள் ஒருவர் வந்து, மனம் இரங்கி, எட்ட நின்று ஊற்றவேண்டும். வெயிலில் நின்ற அந்த நேரத்தை யாராவது கூட்டிப் பார்த்தார்களா? எதிர்த்தவனின் இழப்பு ஒரே நாளில் தெருவுக்கு வரும், ஊர் பார்க்கும். பொறுத்தவளின் இழப்பு நாளுக்கு ஒரு குடமாகக் கழியும். மாஸ்டருக்கு முதலாவது மட்டும் கண்ணில் பட்டது.

இனி மாஸ்டர் மேடைகளில் உருகிப் பேசும் இன்னொரு கதைக்கு வருவோம். 1956 ஜூன் 5, காலிமுகத்திடல். தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்த தமிழரசுக் கட்சியினரைக் காடையர் அடித்தார்கள். தலையில் கட்டோடு பாராளுமன்றத்துக்குள் போனார் அவர்களில் ஒருவரான அமிர்தலிங்கம். பிரதமர் பண்டாரநாயக்க அதைப் போர்ப்புண் என்று நக்கலடித்தார். சில நாளில் சட்டம் நிறைவேறியது. 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் மறுபடி குந்தினார்கள். ஏப்ரலில் இராணுவம் வந்தது, தலைவர்களைத் தடுப்புக்காவலில் போட்டார்கள். சிங்களச் சட்டம் அசையவில்லை. மாஸ்டரின் அளவுகோலால் அளந்தால் இரண்டும் படுதோல்வி. இங்கிலீசைப் போல் சிங்களத்தையும் படித்து முன்னுக்கு வந்திருக்கலாமே என்று அமிர்தலிங்கத்தின் தலைக்கட்டைப் பார்த்து அவர் கேட்டதுண்டா? கேட்டிருந்தால் சபை அவரைத் துரோகி என்று இறக்கியிருக்கும். கொழும்பில் உடைந்த தலை வீரப்புண். சுன்னாகத்தில் உடைந்த தலை வீண்கலகம்.

மாவிட்டபுரத்துக்கு வருவோம். 1968 ஜூலையில் கந்தசுவாமி கோவிலுக்குள் போக வந்தவர்கள் வாசலில் மறிக்கப்பட்டார்கள். மறித்தவர்களில் முன்னுக்கு நின்றவர் சி. சுந்தரலிங்கம். ஒக்ஸ்போர்ட்டில் படித்தவர், கணிதப் பேராசிரியர், சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் இருந்தவர். தமிழருக்குத் தனிநாடு வேண்டும் என்று மற்றவர்களுக்கு முன்னரே சொன்னவரும் அவர்தான். படிப்பு சாதியைக் கரைக்கும் என்று நம்புகிறவர்கள் அந்த வாசலில் நின்ற படிப்பைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவர் மீது வழக்கு வந்தது, குற்றவாளி என்று தீர்ப்பானது. அவர் பொறுத்தாரா? இல்லை; இலண்டனில் பிரிவி கவுன்சில் வரை போய் வாதாடி, 1971இல் அங்கேயும் தோற்றார். இன்னொருவரை வாசலில் மறிக்கும் உரிமைக்காகக் கடல் கடந்து வழக்காடலாம். உள்ளே போய் ஒரு கற்பூரம் கொளுத்தும் உரிமைக்கு மட்டும் பொறுமை வேண்டும்.

காலம் மாற்றிவிடும் என்பது மாஸ்டரின் கடைசித் துருப்பு. மாவிட்டபுரத்துக்குச் சரியாக 50 வருசம் கழித்து, 2018இல், தென்மராட்சியின் வரணியில் ஒரு கோவில் தேரைப் பெக்கோ இயந்திரம் இழுத்தது. எல்லாச் சாதியும் வடம் பிடித்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு என்று ஊர் சொன்னது. இழுக்க ஆள் இல்லை என்று விளக்கம் வந்தது. படத்தைப் பார்த்து உலகமே சிரித்தது. வெளிநாட்டுக் காசு வந்துதான் இருக்கிறது, மாஸ்டர். பெக்கோவுக்கு வாடகை கட்ட அது உதவும்.

மாவிட்டபுரத்தாருக்கும் ஒரு காலம் வந்தது. 1990இல் மாவிட்டபுரம் இருக்கும் வலிகாமம் வடக்கு இடம்பெயர்ந்தது. ஊர் உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. மறித்தவரின் பிள்ளைகளும் மறிக்கப்பட்டவரின் பிள்ளைகளும் முட்கம்பிக்கு ஒரே பக்கம் நின்றார்கள். காணி வைத்திருந்தவர்களில் பலர் கொழும்புக்கும் கனடாவுக்கும் போனார்கள். போக்கிடம் இல்லாமல் முகாம்களில் இரண்டு தலைமுறையாகக் கிடந்தவர்களில் பெரும்பகுதி யார் என்று மல்லாகத்திலும் கோணப்புலத்திலும் போய்க் கேட்கலாம். 2013 நவம்பரில் வலி வடக்குச் சனங்கள் சொந்தக் காணியைக் கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்கள் இருந்தது மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் முன்றலில். 1968இல் உள்ளே விடச் சொல்லிக் கேட்டவர்கள் நின்ற அதே வாசலுக்கு முன்னால்.

அந்த நாட்களில் மாஸ்டர் அங்கே போனாரா தெரியாது. போயிருந்தால், 23 வருசம் பொறுத்தீர்கள், இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று அவர்களிடம் சொல்லியிருப்பாரா என்பதை அடுத்த வெளியீட்டு விழாவில் அவரே சொல்லட்டும். நான் முன்வரிசையில் இருப்பேன்.