பேச்சு மூச்சு இல்லாதவருக்கு நீங்கள்தான் வாய்!

மதுரை பெரியார் பஸ் நிலையம். உச்சி வெயில். நடைபாதையில் ஒருவர் விழுந்து கிடக்கிறார். கூட்டம் கூடுகிறது.

"குடித்துவிட்டுக் கிடக்கிறான்!" என்கிறார் ஒருவர். அவ்வளவுதான், கூட்டம் கலைந்து விடுகிறது.

அவர் குடிக்கவே இல்லை! சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டவர். சாப்பிட நேரமாகி விட்டது. இரத்தத்தில் சர்க்கரை குறைந்து மயங்கி விட்டார்.

இது கற்பனைதான். ஆனால் எந்த ஊரிலும் நடக்கக் கூடியது.

டாக்டரின் கஷ்டம்

வயிற்று வலிக்காரர், "இங்கே வலிக்கிறது" என்பார். மயங்கியவர் என்ன சொல்வார்? வலிப்பா, தலையில் அடியா, மூளையில் இரத்தக் கசிவா, பூச்சி மருந்தா? டாக்டர்தான் தேட வேண்டும்.

1974-ம் ஆண்டில் கிளாஸ்கோ நகர டாக்டர்கள் டீஸ்டேல், ஜென்னெட் இருவரும் ஒரு முறையை வெளியிட்டார்கள். கண் திறக்கிறதா? பேச்சு வருகிறதா? கை, கால் அசைகிறதா? மூன்றுக்கும் மார்க் உண்டு. முழு மார்க் 15. எதுவுமே இல்லை என்றால் 3. இன்று உலகம் எங்கும் இந்த முறை பயன்படுகிறது.

ஆனால் மயக்கத்தின் ஆழத்தைத்தான் மார்க் சொல்லும். காரணத்தைச் சொல்லாது. சில சமயம் ஆளையே ஏமாற்றி விடும்!

உள்ளே நினைவு இருக்கும்!

கிராமங்களில் தரையில் படுத்துத் தூங்குகிறவரைக் கட்டுவிரியன் கடிப்பது உண்டு. வலி அதிகம் இருக்காது. வீக்கமும் இருக்காது. விடியும்போது வயிறு வலிக்கும். பிறகு இமை தொங்கும். கை, கால் விழுந்து விடும். மூச்சும் நிற்கலாம்.

கிள்ளினாலும் அசைய மாட்டார். "போய்விட்டார்" என்று வீட்டார் அழுவார்கள். அந்த அழுகை அவர் காதில் விழுந்து கொண்டிருக்கலாம்! செயற்கை சுவாசமும் விஷ முறிவு மருந்தும் தக்க நேரத்தில் கிடைத்தால், எழுந்து உட்கார்ந்து விடுவார்.

"ராத்திரி தரையில்தான் படுத்திருந்தார். காலையில் வயிறு வலித்தது" என்ற இரண்டே வார்த்தை டாக்டருக்கு வழி காட்டும். அதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? பக்கத்தில் இருந்தவர்தான்!

பார்த்ததைச் சொல்லுங்கள்

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008-ம் ஆண்டு முதல் ஓடுகிறது. உடனே கூப்பிடுங்கள். வாயில் தண்ணீர், சோடா ஊற்றாதீர்கள். மூச்சுக் குழாயில் போய்விடும். எப்போது விழுந்தார், கை கால் இழுத்ததா, அருகே மருந்துப் புட்டி கிடந்ததா என்று கவனியுங்கள். வந்தவர்களிடம் சொல்லுங்கள்.

போலீஸ், கோர்ட்டு என்று பயமா? சாலை விபத்தில் உதவியவரிடம் பெயரைச் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2016-ம் ஆண்டிலேயே உத்தரவிட்டு விட்டது.

அவர் குடித்தே இருக்கட்டும்! குடித்தவர் தலையில் அடிபடாதா? அவருக்கு மாரடைப்பு வராதா?

"குடிகாரன்" என்று தீர்ப்புச் சொல்ல ஒரு நொடி போதும். அதுவே ஒருவருக்கு மரண தண்டனை ஆகிவிடக் கூடாது. நாளைக்கு அங்கே கிடப்பது நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்!