வளையல் சுத்துற கைக்கும் கூலி உண்டு

"இன்ஜினியரிங் படிச்சிட்டு வீட்ல உட்கார்ந்து வளையல் சுத்திக்கிட்டு இருக்கு அந்தப் பொண்ணு."

நம்ம தருமபுரி மாவட்டத்துல இந்தப் பேச்சு காதுல விழாத தெரு குறைவு நண்பர்களே. பென்னாகரமோ பாலக்கோடோ அரூரோ, எந்தப் பக்கம் போனாலும் யூடியூப் பார்த்துத் தானே கத்துக்கிட்டு நகை செய்யுற பெண்கள் இருக்காங்க. பட்டுநூல் வளையல், ஜிமிக்கி, களிமண் சுட்டுச் செய்யுற டெரகோட்டா நெக்லஸ், பாசிமணி மாலை. பெரும்பாலானவங்க பொழுதுபோக்காத்தான் ஆரம்பிச்சாங்க. ஒரு கட்டத்துல சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு ஒரு செட் கேட்பாங்க, அடுத்தது பக்கத்து வீட்டு வளைகாப்பு, அப்புறம் இன்ஸ்டாகிராம்ல ஒரு பக்கம். தொழில் அங்கேதான் தொடங்குது. பல பேருக்கு அங்கேயே முடிஞ்சும் போகுது.

ஏன் முடியுது? திறமை இல்லாமலா? இல்லை. கணக்கு இல்லாம.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். ஒரு ஜோடி ஜிமிக்கிக்கு நூல், அடிப்பகுதி, கல், பசை, கொக்கி எல்லாம் சேர்த்து 40 ரூபாய்னு வெச்சுக்கோங்க. டப்பாவுக்கும் கவருக்கும் 10 ரூபாய். செய்யுற நேரம் ரெண்டு மணி. "தெரிஞ்சவங்கதானே"ன்னு 100 ரூபாய்க்குக் கொடுத்தா கையில நிக்கிறது 50 ரூபாய், அதாவது ஒரு மணி நேரத்துக்கு 25. நூறு நாள் வேலைத் திட்டத்துல 2025-26க்குத் தமிழ்நாட்டுக்கு அறிவிச்ச ஒரு நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரம்னு வகுத்தாலும் மணிக்கு 42. ஏரி வெட்டுற வேலைக்கு அரசே போட்ட கூலியை விடக் குறைவா, படிச்ச பொண்ணு தன் கண்ணையும் விரலையும் வித்துக்கிட்டு இருக்கா. இதுல போட்டோ எடுக்குறது, மெசேஜுக்குப் பதில் போடுறது, கூரியர் ஆபீஸ்ல நிக்கிறது எதையும் நான் சேர்க்கவே இல்லை.

காலேஜ்ல ஒரு பொருளோட விலையை எப்படிக் கட்டணும்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. பொருட்செலவு, கூலி, தேய்மானம், அப்புறம் லாபம். கூலியும் லாபமும் வேற வேற. இந்த ஒரு வரியை நம்ம பெண்கள் நோட்டுல எழுதி வெச்சுக்கிட்டா போதும், பாதிப் பிரச்சனை தீரும்.

"விலை ஏத்தினா யார் வாங்குவா? சவுகார்பேட்டை மால் இருபது ரூபாய்க்குக் கிடைக்குதே?" நியாயமான கேள்விதான். மெஷின் மாலோட விலையில மோதினா நாம தோத்துடுவோம். ஆனா மெஷின் செய்ய முடியாத ஒண்ணு இருக்கு. முகூர்த்தப் புடவையோட பார்டர் கலரை வாட்ஸ்அப்ல அனுப்பினா, அதே கலர்ல, அந்தக் கைக்கு ஏத்த அளவுல, நாலு நாள்ல செட் ரெடியாகணும். சவுகார்பேட்டைக் கடையால அதைச் செய்ய முடியாது, நம்ம பொண்ணால முடியும். அந்தச் சேவைக்குத்தான் விலை.

இதுக்கு வழிகாட்ட வெளிநாட்டு உதாரணம் எல்லாம் வேண்டாம். அரூர் பக்கம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவுல இருக்கிற சிட்டிலிங்கி பள்ளத்தாக்கையே பாருங்க. அங்கே லம்பாடி மக்களோட கண்ணாடியும் சோழியும் வெச்ச தையல் கலை கிட்டத்தட்ட மறைஞ்சே போயிருந்தது. வயசான சில பெண்களுக்கு மட்டும்தான் அந்தத் தையல் ஞாபகம் இருந்தது. 1993ல இருந்து அங்கே பழங்குடி மக்களுக்கு மருத்துவம் பார்த்துட்டு வர்ற டாக்டர் லலிதா ரெஜி துணை நிக்க, அந்தப் பாட்டிகள்கிட்ட இருந்து இளம் பெண்கள் கத்துக்கிட்டாங்க. 'பொர்கை'ங்கிற கைவினைஞர் சங்கம் அப்படித்தான் உருவாச்சு. லம்பாடி மொழியில அந்தச் சொல்லுக்குப் பெருமைன்னு அர்த்தம். இன்னைக்கு அவங்க பொருள் பெரிய நகரங்களுக்குப் போகுது.

கவனிச்சீங்களா? அவங்க தனித்தனியா விக்கலை. ஒரே பேரு, ஒரே தரம், ஒரே சங்கம். மலிவுன்னு சொல்லி விக்கலை, எங்க ஊர்க் கலைன்னு சொல்லி வித்தாங்க.

சேர்ந்து நிக்கிறது நம்ம மாவட்டத்துக்குப் புதுசும் இல்லை. தமிழ்நாட்டுல மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989ல சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தோட உதவியில தொடங்குனது அன்னைக்கு இருந்த தருமபுரி மாவட்டத்துலதான். மாநிலத்துக்கே வழி காட்டின மண்ணு இது. இங்கே பத்து நகை செய்யுற பெண்கள் பத்து இடத்துல தனித்தனியா கூரியர் செலவு கட்டிக்கிட்டு, ஒருத்தர் விலையை ஒருத்தர் குறைச்சுக்கிட்டு நிக்கிறது வருத்தமா இருக்கு. மொத்தமா சரக்கு வாங்கினாலே அடக்கவிலை இறங்குமே!

இப்போ அரசுகள் பக்கம் வருவோம். மத்திய அரசோட விஸ்வகர்மா திட்டத்துல 18 தொழில்கள். பொற்கொல்லர் இருக்காங்க, குயவர் இருக்காங்க. யூடியூப்ல கத்துக்கிட்டு பட்டுநூல் ஜிமிக்கி செய்யுற பொண்ணு அந்தப் பட்டியல்ல எங்கே நிக்கிறது? மாநில அரசோட கலைஞர் கைவினைத் திட்டத்துல 25 தொழில்கள், பட்டியல் பெருசு, சந்தோஷம். ஆனா குறைஞ்சபட்ச வயசு 35. குலத்தொழில்ல சின்னப் பசங்களைத் தள்ளக் கூடாதுங்கிற நோக்கத்துல வெச்ச வரம்பு அது, அந்த நோக்கம் சரி. ஆனா எந்தக் குலமும் சொல்லிக் கொடுக்காம, தானே விரும்பிக் கத்துக்கிட்ட 22 வயசுப் பொண்ணை அதே வரம்பு வெளியே நிறுத்துதே! தானே கற்ற கைவினைஞர்னு ஒரு தனிப் பிரிவு ரெண்டு திட்டத்துலயும் வரணும். நம்ம முதல் கோரிக்கை இது.

ரெண்டாவது கோரிக்கை, சந்தை. நமக்குச் சென்னையை விடப் பெங்களூரு பாதித் தூரம்கூட இல்லை. ஆனா ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்ன விற்பனையாளர் ஆன்லைன் விற்பனைத் தளங்கள்ல விக்கலாம்னு 2023 அக்டோபர் 1ல கொடுத்த அனுமதி, சொந்த மாநிலத்துக்குள்ள விக்கிறதுக்கு மட்டும்தான். கன்னியாகுமரிக்கு விக்கலாம், பக்கத்துல இருக்கிற பெங்களூருக்கு விக்கப் பதிவு வேணும்னா என்ன நியாயம்? தளம் இல்லாம நேரடியா வெளிமாநிலத்துக்கு அனுப்புற கைவினைப் பொருளுக்கு நிபந்தனைகளோட விலக்கு ஏற்கெனவே இருக்கு. அதையே தளங்களுக்கும் நீட்டுங்கன்னுதான் கேட்கிறோம்.

மூணாவது, நம்ம ஊர்ச் சரக்கு. தருமபுரியில அரசுப் பட்டுக்கூடு அங்காடி இருக்கு. ஆனா நம்ம பொண்ணுங்க சுத்துற "பட்டுநூல்" பெரும்பாலும் வெளியூர்ல இருந்து வர்ற செயற்கை நூல். நூற்புக்கு உதவாத ஓட்டைக் கூடுகள்ல மாலை, பூ, நகை எல்லாம் செய்யலாம். அந்தக் கூடுகளைக் கைவினைஞர்களுக்குக் குறைஞ்ச விலையில கொடுத்து, பட்டு வளர்ச்சித் துறை பயிற்சியும் கொடுக்கட்டும். ஒகேனக்கல் வர்ற சுற்றுலாப் பயணி கையில தருமபுரிப் பட்டுக்கூடு கம்மல் ஒண்ணு போகட்டுமே!

அரசு செய்யுற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இன்னைக்கே செய்யக்கூடியது:

▪ உத்யம் பதிவு. ஆதாரும் பான் கார்டும் போதும். கட்டணம் கிடையாது. காசு கேட்டா அது மோசடி.

▪ முத்ரா கடன்ல சிசு பிரிவு. 50,000 ரூபாய் வரைக்கும் பிணை இல்லாம வாங்கலாம்.

▪ பெருசா செய்ய நினைக்கிறவங்களுக்குப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். கிராமத்துப் பெண்களுக்கு 35 சதவீதம் மானியம், சொந்தப் பணம் 5 சதவீதம். மாவட்டத் தொழில் மையத்துல விசாரிங்க.

▪ ஒரு நோட்டு. ஒவ்வொரு பொருளுக்கும் சரக்குச் செலவு, நேரம், விலை மூணையும் எழுதுங்க. ஒரு மாசம் எழுதினா எது லாபம், எது வெறும் உழைப்புன்னு உங்களுக்கே தெரியும்.

தகவல் தொழில்நுட்ப அணித் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்தலுக்கு மட்டும் லேப்டாப்பைத் திறக்காம, உங்க ஊராட்சியில நகை செய்யுற ஒரு பெண்ணுக்கு உத்யம் பதிவு போட்டுக் கொடுங்க. அவங்க பொருளை நல்ல வெளிச்சத்துல நாலு போட்டோ எடுத்துக் கொடுங்க. கட்சி வேலைன்னா இதுவும்தான்.

வாங்குற நம்ம எல்லாருக்கும் கடைசியா ஒண்ணு. மால்ல ஸ்டிக்கர் விலையைக் கேள்வி கேட்காம கொடுக்கிற நாம, பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்ட மட்டும் "நம்மாளுக்கு எவ்வளவு கொறைப்ப?"ன்னு கேட்காம இருப்போம். சொன்ன விலையைக் கொடுங்க. அது அவங்க கூலி.

உங்க ஊர்ல நகை செய்யுறவங்க இருந்தா, அவங்க சம்மதத்தோட அவங்க பக்கத்தைக் கமெண்ட்ல போடுங்க. பகிருங்கள்.

#தருமபுரி #கைக்கும்_கூலி_உண்டு